திரை ஒற்றனின் உடல்மாற்றம்: ஜேம்ஸ் பாண்ட் படங்களில் நடிகர் தேர்வும் பாத்திரத் தொடர்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் தயாரித்த 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களில் 6 நடிகர்கள் தலைமைப் பாத்திரத்தை ஏற்றுள்ளனர். ஒருவர் விலகி மற்றொருவர் வரும் ஒவ்வொரு முறையும், பாத்திரத்தின் எக்கூறுகள் மாறாதவை, எக்கூறுகள் மாறத்தக்கவை என்னும் வினா எழுகிறது. புதிய நடிகரின் தகுதி அவருடைய தோற்றத்தாலும் நடிப்பாற்றலாலும் மட்டும் உறுதிப்படுவதில்லை. முன்னவரோடு ஒட்டிப்போன அடையாளக் கூறுகளை முதற்படம் எவ்வாறு விலக்கி வைக்கிறது, பின்னர் எவ்வாறு மீட்டுத் தருகிறது என்பதாலும் உறுதிப்படுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 2021இல் பாத்திரமே இறந்துபட்ட நிலையில், அடுத்த நடிகரின் தேர்வு முந்தைய தேர்வுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜேம்ஸ் பாண்ட், நடிகர் தேர்வு, பாத்திரத் தொடர்ச்சி, அடையாளக் கூறுகள், விலக்கலும் மீட்டலும், திரைப்பட ஆய்வு.

முன்னுரை

ஒற்றனுக்குரிய இலக்கணத்தைத் திருக்குறள் ‘ஒற்றாடல்’ என்னும் 59ஆம் அதிகாரத்தில் வகுக்கிறது. ஐயத்திற்கு இடந்தராத உருவம், எவர் கண்ணுக்கும் அஞ்சாமை, உள்ளத்துள்ளதை வெளியிடாமை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. திரையில் 60 ஆண்டுகளாக உலவிவரும் ஆங்கில ஒற்றன் ஜேம்ஸ் பாண்ட் இவ்விலக்கணத்திற்கு நேர்மாறானவன். செல்லுமிடமெல்லாம் தன் பெயரைத் தானே அறிவிக்கிறான். பகைவரும் அவன் பெயரை அறிந்தே வரவேற்கின்றனர். மறைந்து வாழவேண்டிய தொழிலைக் காட்சிப்பொருளாக்கியதே இப்பாத்திரத்தின் புதுமை. எனவே உண்மை ஒற்றனுக்கு மறையவேண்டியதாகிய முகம் இத்திரை ஒற்றனுக்கு முதற்பொருளாகிறது. அம்முகத்தை யாருக்கு வழங்குவது என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் பொதுவாதமாக மாறுவதற்கு இதுவே அடிப்படை.

இயன் ஃபிளெமிங் 1953இல் வெளியிட்ட ‘கசினோ ராயல்’ நாவலில் பாண்ட் அறிமுகமானான். 1961இல் ஆல்பர்ட் புரோக்கலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் ஈயான் நிறுவனத்தைத் தொடங்கினர். 1962இல் ‘டாக்டர் நோ’ வெளிவந்தது. ஷான் கானரி (1962–1967, 1971), ஜார்ஜ் லேசன்பி (1969), ரோஜர் மூர் (1973–1985), டிமோத்தி டால்டன் (1987, 1989), பியர்ஸ் பிராஸ்னன் (1995–2002), டேனியல் கிரெய்க் (2006–2021) ஆகியோர் இவ்வரிசையில் அமைவர். பிற நிறுவனங்கள் தயாரித்த 1967ஆம் ஆண்டின் ‘கசினோ ராயல்’ அங்கதப் படமும், கானரி மீண்டும் நடித்த 1983ஆம் ஆண்டின் ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படமும் இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கா.

பாத்திரத் தொடர்ச்சியின் மூவகை

ஒரே பாத்திரத்தைப் பலர் ஏற்கும்போது தொடர்ச்சி மூன்று வகைகளில் அமையக்கூடும். முதலாவது, தொடர்ச்சியின்மை. ஷெர்லாக் ஹோம்ஸ் பாத்திரத்தைப் பலர் ஏற்றுள்ளனர். ஒருவர் நடித்ததை மற்றொருவர் நடித்ததன் தொடர்ச்சியாக எவரும் கொள்வதில்லை. இரண்டாவது, விளக்கப்பட்ட தொடர்ச்சி. பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் 1966இல் வில்லியம் ஹார்ட்னலுக்குப் பின் பேட்ரிக் டிரௌட்டன் வந்தபோது, நாயகன் வேற்றுலகத்தவன், அவன் உடல் புதுப்பிறப்பு எய்தும் என்று கதையே காரணம் கூறியது. மூன்றாவது, விளக்கப்படாத தொடர்ச்சி. பாண்ட் படங்கள் இவ்வகையைச் சார்ந்தவை. உடல் மாறியதற்குக் கதை காரணம் கூறாது. ஆயினும் நினைவு தொடரும்.

இதற்குத் தெளிவான சான்று பாண்டின் மனைவி டிரேசி. 1969இல் வெளிவந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தின் இறுதியில், லேசன்பி ஏற்ற பாண்டின் மனைவியாக அவள் கொல்லப்படுகிறாள். 1981இல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ படத்தின் தொடக்கத்தில் அவளுடைய கல்லறையில் மலர் வைப்பவர் ரோஜர் மூர். 1989இல் ‘லைசன்ஸ் டு கில்’ படத்தில் டால்டனின் பாண்ட் முன்னொரு காலத்தில் மணமானவன் என்று நண்பன் பேச்சில் குறிப்பு வருகிறது. ஓர் உடல் பட்ட துயரத்தை மற்றிரு உடல்கள் சுமக்கின்றன. பார்வையாளர் இதனை முரணாகக் கருதவில்லை.

‘ஜேம்ஸ் பாண்ட்’ என்பது ஆளின் பெயரன்று, பதவிக்குரிய மறைபெயர், அதனாலேயே முகங்கள் மாறுகின்றன என்னும் விளக்கம் சுவைஞரிடையே வழங்குகிறது. படங்களின் அகச்சான்று இதற்கு இடந்தரவில்லை. 2012இல் வெளிவந்த ‘ஸ்கைஃபால்’ படத்தில் ஸ்காட்லாந்தில் உள்ள பாண்டின் பிறந்தவீடும் பெற்றோரின் கல்லறையும் காட்டப்படுகின்றன. தந்தை ஸ்காட்லாந்தினர், தாய் சுவிட்சர்லாந்தினர் என ஃபிளெமிங் 1964இல் எழுதிய குடிவழிச் செய்தியை அக்கல்லறை திரையில் பொறிக்கிறது. மாறாக, 007 என்னும் எண் பதவிக்குரியது. 2021இல் வெளிவந்த ‘நோ டைம் டு டை’ படத்தில், பாண்ட் பணியிலிருந்து விலகியிருக்கும் காலத்தில், லஷானா லிஞ்ச் ஏற்ற நோமி என்னும் கறுப்பினப் பெண் அவ்வெண்ணைத் தாங்குகிறாள். எண் கைமாறுகிறது, பெயர் கைமாறவில்லை. எவ்வினத்தவர் நடிக்கலாம், எப்பாலினர் நடிக்கலாம் என்னும் வாதங்களில் எண்ணையும் பெயரையும் ஒன்றாகக் கொள்வதாலேயே குழப்பம் நேர்கிறது. தயாரிப்பாளர் பார்பரா புரோக்கலி, பாண்ட் எந்நிறத்தவனாகவும் இருக்கலாம், ஆனால் ஆணாகவே இருப்பான் என 2020இல் வெளிப்படையாகக் கூறியதும் பெயருக்குரிய எல்லையை வரையறுக்கும் முயற்சியே.

தகுதி வரையறைகளும் நடைமுறையும்

நடிகர் தேர்வைப் பற்றிய பொதுப்பேச்சில் வயது, நாடு, தோற்றம் ஆகிய மூன்றும் தகுதிகளாக முன்வைக்கப்படுகின்றன. வரலாறு இம்மூன்றையும் உறுதிப்படுத்தவில்லை.

வயதை நோக்கின், முதற்படம் வெளிவந்தபோது கானரிக்கு 32, லேசன்பிக்கு 30, மூருக்கு 45, டால்டனுக்கு 41, பிராஸ்னனுக்கு 42, கிரெய்குக்கு 38. ஃபிளெமிங்கின் ‘மூன்ரேக்கர்’ நாவலின்படி இரட்டைச் சுழிய ஒற்றர் 45 வயதில் களப்பணியிலிருந்து விலகவேண்டும். நாவல் ஓய்வளித்த வயதில் மூர் பாத்திரத்தை ஏற்றார். 57 வயதுவரை தொடர்ந்தார். மேலும், மூர் 1927இலும் கானரி 1930இலும் பிறந்தவர்கள். முன்னவரைவிட மூத்தவரே அவருடைய இடத்திற்கு வந்தார்.

நாட்டை நோக்கின், கானரி ஸ்காட்லாந்தினர், லேசன்பி ஆஸ்திரேலியர், டால்டன் வேல்சில் பிறந்தவர், பிராஸ்னன் அயர்லாந்தினர். இங்கிலாந்தில் பிறந்தவர்கள் மூரும் கிரெய்கும் மட்டுமே. கானரி 1971இல் மீண்டும் வர இசையுமுன், ஜான் கேவின் என்னும் அமெரிக்க நடிகர் ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தார்.

தோற்றத்தை நோக்கின், 2005 அக்டோபரில் கிரெய்க் அறிவிக்கப்பட்டபோது அவருடைய பொன்னிற முடியும் உயரக்குறைவும் கண்டனத்துக்கு உள்ளாயின. மறு ஆண்டில் படம் வெளிவந்தபின் அவ்வெதிர்ப்பு அடங்கிற்று. அவர் நடித்த ‘ஸ்கைஃபால்’ உலகளவில் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய முதல் பாண்ட் படமாயிற்று. தோற்ற ஒற்றுமை தேர்வுக்கு முன் பெரிதாகத் தோன்றி, படத்திற்குப் பின் பொருளற்றுப் போவதை இது காட்டுகிறது.

தேர்வுமுறையிலேயே ஓர் உள்முரண் உண்டு. 1963இல் வெளிவந்த ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ படத்தில் பாண்டும் டாட்டியானாவும் விடுதி அறையில் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியே பிற்கால நடிகர் சோதனைகளில் மீண்டும் மீண்டும் பயன்பட்டு வந்துள்ளது. ஜேம்ஸ் பிரோலின், சாம் நீல் முதலியோரின் சோதனைகள் இம்முறைக்குச் சான்றாகக் கூறத்தக்கவை. புதியவரைப் பழைய நடிகரின் காட்சியில் நிறுத்தி அளப்பது ஒப்புமையைக் கண்டறியும் முறை. ஆனால் புதிய படத்திற்கு வேண்டுவதோ வேறுபாடு. சோதனை ஒன்றை அளக்க, படம் மற்றொன்றை வேண்டி நிற்கிறது. இவ்விடைவெளியை நிரப்புவது நடிகரின் பணி மட்டுமன்று, திரைக்கதையின் பணியுமாகும்.

விலக்கலும் மீட்டலும்

பாண்ட் படங்களின் அடையாளக் கூறுகளை இருவகையாகப் பகுக்கலாம். துப்பாக்கிக் குழலின் வழியே காணும் தொடக்கக் காட்சி, முதன்மை இசை, மேலதிகாரி எம், கருவி வல்லுநர் கியூ, செயலர் மணிபென்னி ஆகியன சட்டகக் கூறுகள். குடிக்கும் மது, புகைக்கும் பொருள், உடை, பேச்சின் நகை ஆகியன உடற்கூறுகள்; இவை குறிப்பிட்ட நடிகரோடு ஒட்டிக்கொள்பவை. சட்டகம் நடிகருக்கு முந்தியது என்பதற்கு ஒரு செய்தி துணைபுரியும். முதல் மூன்று படங்களின் துப்பாக்கிக் குழல் காட்சியில் நடந்துவந்து சுடுபவர் கானரியல்லர். சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ். பாத்திரத்தின் முத்திரையாக உலகம் ஏற்ற முதல் உருவம் நாயக நடிகருடையதன்று.

இப்பகுப்பின் அடிப்படையில் நடிகர் மாற்றங்களை வரிசையாக நோக்கலாம்.

1969இல் லேசன்பியின் முதற்படம் எதனையும் விலக்கவில்லை. எம், கியூ, மணிபென்னி மூவரும் அதே நடிகர்களாகத் தொடர்ந்தனர். தலைப்புக் காட்சியில் முந்தைய படங்களின் துணுக்குகள் ஓடின. பாண்ட் தன் மேசை இழுப்பறையிலிருந்து பழைய படங்களின் நினைவுப்பொருள்களை எடுத்துப் பார்க்கிறான். தொடக்கக் காட்சியிலேயே, முன்னிருந்தவனுக்கு இவ்வாறு நேர்ந்ததில்லை என்னும் பொருள்பட அவன் பார்வையாளரை நோக்கிப் பேசுகிறான். தொடர்ச்சியை வலியுறுத்த எண்ணிய இவ்வுத்திகள் ஒவ்வொரு கட்டத்திலும் கானரியை நினைவூட்டின. நடிகரும் கானரியின் தையற்காரரிடம் உடை பெற்றே தேர்வை நாடியவர். ஒப்பீட்டைத் தவிர்க்க வேண்டிய படம் ஒப்பீட்டை வளர்த்தது.

1973இல் மூரின் ‘லிவ் அண்ட் லெட் டை’ எதிர்த்திசையில் சென்றது. கானரியோடு ஒட்டிப்போன வோட்கா மார்ட்டினி இடம்பெறவில்லை. பாண்ட் பூர்பன் குடித்தான். சிகரெட்டுக்கு மாறாகச் சுருட்டுப் புகைத்தான். கியூ படத்தில் இல்லை. அலுவலகக் காட்சிக்கு மாறாக எம்மும் மணிபென்னியும் பாண்டின் இல்லத்திற்கே வந்தனர். அடுத்த ஆண்டுப் படத்தில் கியூ திரும்பினார். ஓராண்டு விலக்கி வைக்கப்பட்டது, மூருக்கே உரியதாய் மீண்டது. அவர் 7 படங்களில் நடித்தார்.

1995இல் பிராஸ்னனின் ‘கோல்டன்ஐ’ வேறொரு வழியைக் கைக்கொண்டது. வழக்குகளால் 6 ஆண்டுகள் படமே வெளிவராத நிலையில், காலமே விலக்கலைச் செய்துவிட்டது. பனிப்போர் முடிந்திருந்தது; மாறியது உலகமே. ஆகவே கியூவும் ஆஸ்டன் மார்ட்டின் ஊர்தியும் மீட்கப்பட்டன. அதேபோது ஜூடி டென்ச் ஏற்ற புதிய எம், பாண்டைப் பெண்களை இழிவாக நோக்கும் பழங்கால எச்சம் என்று முகத்துக்கு நேரே கடிந்தார். பார்வையாளர் எழுப்பக்கூடிய கண்டனத்தைப் படமே முந்திக்கொண்டு எழுப்பியது.

2006இல் ‘கசினோ ராயல்’ விலக்கலை எல்லைவரை கொண்டு சென்றது. கியூ இல்லை, மணிபென்னி இல்லை. மதுவைக் குலுக்குவதா, கலக்குவதா என்ற வினாவுக்குப் பாண்ட் அக்கறையின்றி விடையளித்தான். முதன்மை இசை முழுமையாக ஒலிப்பதும், அவன் தன் பெயரைத் தனக்கேயுரிய முறையில் கூறுவதும் படத்தின் இறுதியிலேயே நிகழ்ந்தன. கியூவும் மணிபென்னியும் 2012இல் மீண்டனர். துப்பாக்கிக் குழல் காட்சி 2015இல் ‘ஸ்பெக்டர்’ படத்தில் தொடக்கத்திற்குத் திரும்பியது. மீட்டலுக்கு 9 ஆண்டுகள் ஆயின. அக்கால அளவில் அக்கூறுகள் ஒவ்வொன்றும் கிரெய்கின் உடலோடு புதிதாக இணைந்தன.

மறுப்புகளும் வரம்புகளும்

இக்கருத்திற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, லேசன்பி ஒரே படத்தோடு விலகியதைத் தோல்வியாகக் கொள்ளலாமா என்பது. அவர் நீக்கப்படவில்லை, ஆலோசகரின் சொல்கேட்டுத் தாமே விலகினார். அப்படம் இழப்பும் அடையவில்லை. பிற்காலத்தில் அதன் மதிப்பு உயர்ந்தது. இரண்டாவது, டால்டனைப் பற்றியது. அவர் ஃபிளெமிங்கின் நாவல்களுக்கு அணுக்கமான இறுக்கத்தைக் கொணர்ந்தார். மணிபென்னி நடிகரும் மாறினார். ஆயினும் அவர் இரு படங்களோடு நின்றதற்கு வழக்குகளால் நேர்ந்த இடைவெளியே பெருங்காரணம். அவர் தேர்வானதும் தற்செயலே: 1986இல் பிராஸ்னன் தெரிவு செய்யப்பட்டு, தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தத்தால் வர இயலாமற் போனமையால் அவ்விடம் டால்டனுக்குக் கிடைத்தது.

எனவே படங்களின் எண்ணிக்கையை ஏற்பின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. விலக்கலும் மீட்டலும் வெற்றியை உறுதிசெய்யும் சூத்திரம் அன்று. புதிய உடலுக்கு ஒப்பீட்டிலிருந்து விடுதலையளிக்கும் கால இடைவெளியை அது உருவாக்குகிறது என்பதே இங்குக் கூறத்தக்கது. அவ்விடைவெளியைப் பயன்கொள்வது நடிகரையும் சூழலையும் பொறுத்தது.

தமிழ்த் திரையோடு ஓர் ஒப்புநோக்கு

பாண்ட் படங்களின் தாக்கம் தமிழ்த் திரையில் வெளிப்படையானது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய படங்களால் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என அழைக்கப்பெற்றார். இப்பட்டம் நடிகருக்குச் சூட்டப்பட்டது என்பது கருதத்தக்கது. படந்தோறும் பாத்திரத்தின் பெயர் மாறியது. ஒற்றன் என்னும் அடையாளம் நடிகரிடம் நிலைத்தது. அவருக்குப் பின் அப்பாத்திரத்தை ஏற்பவர் யார் என்னும் வினா எழவேயில்லை. ஏனெனில் கைமாறுதற்குரிய பாத்திரம் தனியே இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டைக் கமல்ஹாசனின் ‘விக்ரம்’ மேலும் துலக்குகிறது. 1986இல் உளவுத்துறை அலுவலராகத் தோன்றிய விக்ரம், 36 ஆண்டுகளுக்குப் பின் 2022இல் அதே பெயருடைய படத்தில் அதே நடிகரின் உடலில் பேரனைப் பெற்ற முதியவனாக மீண்டான். தமிழில் உடல் நிலைத்திருக்க, பாத்திரம் மூப்படைகிறது. பாண்ட் வரிசையில் பாத்திரம் மூப்பின்றி நிலைத்திருக்க, உடல்கள் மாறுகின்றன. அடுத்த பாண்ட் யார் என்னும் வினாவின் தனித்தன்மை இவ்வெதிர்நிலையில் விளங்கும்.

2021க்குப் பிந்தைய நிலை

‘நோ டைம் டு டை’ படத்தின் இறுதியில் பாண்ட் இறக்கிறான். ஈயான் வரிசையில் இது முன்னெப்போதும் நிகழாதது. முந்தைய மாற்றங்கள் அனைத்திலும் நடிகர் விலகினார், பாத்திரம் உயிரோடிருந்தது. இம்முறை நடிகரும் பாத்திரமும் ஒருங்கே விடைபெற்றனர். விளக்கப்படாத தொடர்ச்சி என்னும் மரபை, ஒரு மரணக் காட்சியால் கதையே முறித்துக்கொண்டது. டிரேசியின் கல்லறைக்கு மலரிட்ட நினைவுத் தொடர் போன்றதொன்று இனி வரும் நடிகருக்கு எளிதில் வாய்க்காது. ஆயினும் பாண்ட் திரும்புவான் என்னும் வழக்கமான அறிவிப்போடுதான் அப்படம் முடிந்தது. அவ்வறிவிப்புக் குறிப்பது எந்தப் பாண்டை என்பதே புதிய சிக்கல்.

முடிவெடுக்கும் அதிகாரமும் இடம் மாறியுள்ளது. எம்.ஜி.எம். நிறுவனத்தை 845 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தை அமேசான் 2021இல் அறிவித்து, 2022இல் நிறைவேற்றியது. 2025 பிப்ரவரியில் பார்பரா புரோக்கலியும் மைக்கேல் வில்சனும் படைப்புசார் கட்டுப்பாட்டை அமேசான் எம்.ஜி.எம். நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்தனர். அதே ஆண்டில் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்களாகவும், டெனி வில்நெவ் இயக்குநராகவும், ஸ்டீவன் நைட் எழுத்தாளராகவும் அறிவிக்கப்பட்டனர். இவ்வறிவிப்புகள் வெளிவந்தபோது நடிகர் பெயர் வெளியிடப்படவில்லை. 2005இலும் இயக்குநர் மார்ட்டின் கேம்பெல் பெயர் முன்னரும் கிரெய்கின் பெயர் பின்னருமே அறிவிக்கப்பட்டன. இவ்வரிசை முறை புதியதன்று. புதியது, எதனை விலக்குவது, எப்போது மீட்பது என்பதை 60 ஆண்டுகளாகப் பட்டறிவால் அறிந்திருந்த ஒரு குடும்பத்தின் கையில் அம்முடிவு இல்லை என்பதே.

விலக்கி வைத்துப் பொறுமையாக மீட்பதற்குக் காலம் வேண்டும். பாண்ட் பாத்திரத்தை ஏற்பது 10 அல்லது 12 ஆண்டுக் கடப்பாடு எனப் பார்பரா புரோக்கலி 2022இல் கூறியதன் உட்பொருள் இதுவே. மறுபுறம், ஃபிளெமிங் 1964இல் மறைந்தமையால், பிரித்தானியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் நிறையும் 2034ஆம் ஆண்டின் இறுதியோடு அவருடைய நாவல்களின் காப்புரிமை அந்நாட்டில் முடிவடையும். புதிய உரிமையாளருக்குக் கிடைத்துள்ள கால எல்லை முன்னோருக்கு இருந்ததைவிடக் குறுகியது. எல்லாக் கூறுகளையும் முதற்படத்திலேயே மீட்டுத் தரும் விழைவு இதனால் மிகுதற்கு வாய்ப்புண்டு. அவ்விழைவு 1969இன் நிலைக்கே புதிய நடிகரை இட்டுச்செல்லும்.

முடிவுரை

வயதோ, நாடோ, முடியின் நிறமோ பாண்ட் பாத்திரத்தின் மாறாக் கூறுகள் அல்ல என்பதை 6 நடிகர்களின் வரலாறு காட்டுகிறது. சோதனைக் காட்சி ஒப்புமையை அளந்தாலும், வேறுபாட்டுக்கு இடமளித்த முதற்படங்களே புதிய உடலைப் பாத்திரத்தில் வேரூன்றச் செய்துள்ளன. எனவே ‘யார்’ என்னும் வினாவை ‘எதனை விலக்கி’ என்னும் வினாவிலிருந்து பிரித்து விடைகாண இயலாது.

முந்தைய நடிகர்கள் உயிருள்ள ஒருவனின் நினைவுகளைப் பெற்றனர் அல்லது, கிரெய்கைப் போல, அவனது தொடக்கத்திலிருந்து புறப்பட்டனர். அடுத்து வருபவர், இறந்ததைப் பார்வையாளர் கண்ணாற்கண்ட ஒருவனின் பெயரைப் பெறுகிறார். ஆளுக்குரியதாயிருந்த பெயர் இனி வேடத்துக்குரியதாக மாறுமா என்பது அவர்வழியே தெளிவாகும். மாறுமாயின், கூத்தில் ஒரு வேடத்தைத் தலைமுறைதோறும் வெவ்வேறு கலைஞர் புனைவதுபோல, பாண்டும் எவ்வுடலும் ஏற்கத்தக்க வேடமாக நிலைபெறுவான். மாறாதாயின், 2021இல் நிகழ்ந்த இறப்பு கதைக்குள் மட்டும் நிகழ்ந்ததாகக் கொள்ள இயலாது.